பூனைக்குத் தேங்காய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய் பூனைக்கு நஞ்சல்ல. திருவலைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் பூனை, சிந்திய தேங்காய்ப்பூவை நக்கிவிட்டது என்பதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் திருகோணமலையில் புதிதாகப் பூனை வளர்க்கிறவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் கைவைத்தியம் பலதும் தேங்காயைச் சுற்றியே இருக்கிறது. சூட்டுக்கு இளநி, மலச்சிக்கலுக்கு எண்ணெய், தாயில்லாக் குட்டிக்குத் தேங்காய்ப்பால், சொறிக்குக் கற்பூர எண்ணெய். உப்புவெளியில் கேட்டாலும் திருக்கடலூரில் கேட்டாலும் இதே பட்டியல்தான். சிரட்டைத் துண்டைப் போடாதீர்கள் என்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவில்லாமல் கொடுப்பது

4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். பச்சைத் தேங்காய் 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது, கொழுப்பு மட்டும் 33 கிராம். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் 40 கலோரி. அந்தப் பூனையின் ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு அதிலேயே முடிந்துவிடும். இவ்வளவு கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றால் போகும், சத்தி எடுக்கும். ஆசைப்பட்டு வந்து கேட்கிற பூனைக்கு அரைத் தேக்கரண்டிப் பூ, வாரத்தில் ஒரு தரம், அதோடு நிறுத்துங்கள். கேட்காத பூனைக்கு ஊட்டவே வேண்டாம். அதற்குக் கட்டாயம் தேவையான எதுவும் தேங்காயில் இல்லை.

சொதியும் சம்பலும்

"மீனை மட்டும்தானே எடுத்துக் குடுத்தனான்" என்பார்கள். சிக்கல் மீனில் இல்லை, அது ஊறிக் கிடந்த சொதியில் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, சாறு பாலோடு கலந்து மீனுக்குள்ளும் இறங்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும், இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கேடுதான். சம்பலில் மாசி வாசம் இருப்பதால் பூனை தானாகவே வந்து நிற்கும். அதைப் பார்த்து இரங்காதீர்கள். முரசு வெளிறுவது, மூத்திரம் கபில நிறமாவது, சோர்ந்து கிடப்பது எல்லாம் சில நாள் கழித்தே தெரியவரும். அப்போது சொதியின் நினைவே யாருக்கும் வராது.

மீனைச் சட்டியில் போடுவதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்து, உப்பில்லாத வெறும் தண்ணீரில் அவியுங்கள்.

முக்கிக்கொண்டிருக்கும் கடுவனுக்கு இளநீர் பருக்குவது

இந்தப் பிழையை மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் மனம் ஆறுவதில்லை, ஏனென்றால் இதில் சாகும் பூனைகளில் அநேகம் நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்ச் சட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். பூனை இயல்பிலேயே குறைவாகக் குடிக்கிற பிராணி. அதற்கு மேல் உப்புக் கருவாடும் உலர் தீனியும். மூத்திரம் தடித்து, மணல் போன்ற பளிங்குத் துகள்களும் சளியும் சேர்ந்து கட்டியாகிறது. பெட்டைக்கு மூத்திரக் குழாய் அகலம், பெரும்பாலும் வெளியே போய்விடும். கடுவனுக்குக் குழாய் நுனியில் மிக ஒடுக்கம், அங்கேயே அடைத்துக்கொள்ளும். நலமடித்த கடுவனுக்கும் இதே ஆபத்து உண்டு.

வெளியில் தெரிவது இவ்வளவுதான்: பூனை பூச்சாடி மண்ணிலோ குளியலறை மூலையிலோ போய்க் குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வராமல் எழும்புகிறது, கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் குந்துகிறது. கீழ்ப்பகுதியை விடாமல் நக்குகிறது. சில வேளை ஒரு சொட்டு, அதில் இரத்தம். பார்க்கிறவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "சூடு பிடிச்சிருக்கு, செவ்விளநி பருக்குங்கோ" என்பது ஒன்று. மலம் இறுகிவிட்டது, எண்ணெய் கொடுப்போம் என்பது மற்றது. இரண்டும் பிழை.

இளநீர் ஏன் கூடாது? 100 மில்லிலீற்றர் இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நலமான உடம்பில் மிகுதிப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் மூத்திரத்தோடு தள்ளிவிடும். வாசல் அடைபட்ட உடம்பில் அதற்கு வழியில்லை. அடைப்பு ஏற்பட்ட பூனையின் இரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும். ஓரளவுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு மெதுவாகி, நின்றே போகும். அந்த நேரத்தில் இளநீரைப் பருக்குவது, எதனால் பூனை சாகப்போகிறதோ அதையே வாயில் ஊற்றுவதாகும். எண்ணெயும் அடைப்பைத் தொடப்போவதில்லை. அது போகிற பாதை வேறு. திமிறுகிற பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரும்.

இந்தக் கைவைத்தியம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அடைப்பே இல்லாமல் சிறுநீர்ப்பை அழற்சியால் மட்டும் முக்குகிற பூனைகளும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தாமாகவே தேறிவிடும். இடையில் யாரோ இளநீர் கொடுத்திருப்பார்கள். பெயர் இளநீருக்குப் போய்விடும். அடுத்த வீட்டுக் கடுவனுக்கு உண்மையான அடைப்பு வரும்போது அதே ஆலோசனை மதிலைத் தாண்டிப் போகிறது.

செய்ய வேண்டியது இது. பூனையை ஓர் அறைக்குள் விட்டு, அகன்ற பேசினில் காய்ந்த மணலை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பி வையுங்கள். இரண்டு மூன்று தரம் குந்தி எழும்பிய பிறகும் மணல் நனையவில்லையா? கடுவன் என்றால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், உடனே மிருக வைத்தியரிடம் புறப்படுங்கள். சத்தி எடுத்தாலோ உடம்பு குளிர்ந்து துவண்டாலோ நேரம் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது என்று அர்த்தம். முழு அடைப்பு என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உயிர் போய்விடும். அடிவயிற்றில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், அதுதான் நிறைந்து நிற்கும் சிறுநீர்ப்பை, வெடித்துவிடலாம். வாயால் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கி வைத்துக் குழாய் போட வேண்டிவரும். புறப்படும் முன் தொலைபேசியில் "கடுவனுக்கு மூத்திரம் அடைத்திருக்கிறது, குழாய் போட வசதி இருக்கிறதா" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். இல்லையென்றால் எங்கே போகலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே "சுகமில்லை" என்றால் நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்ற பதில் வரலாம்.

வயதான, சிறுநீரகம் பழுதான பூனைக்கும் இளநீர் வேண்டாம், காரணம் அதே பொட்டாசியம். வெயில் காலத்துக்குத் தண்ணீரே போதும்: சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணங்களில் வையுங்கள். நெத்தலியோ சூடையோ அவித்த உப்பில்லாத நீரை ஆறவிட்டு வைத்தால் பெரும்பாலான பூனைகள் விரும்பிக் குடிக்கும்.

தாயில்லாக் குட்டிக்குத் தேங்காய்ப்பால்

பூனைத் தாய்ப்பாலில் புரதம் 7 சதவீதத்துக்கு மேல். தேங்காய்ப்பாலில் 2 சதவீதமளவுதான், மிச்சமெல்லாம் கொழுப்பும் தண்ணீரும். குட்டி வயிறு நிறைந்து தூங்கும், ஆனால் எடை ஏறாது. பிறகு வயிற்றால் போகத் தொடங்கினால் ஒரே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவை வாங்கி, கைபொறுக்கும் இளஞ்சூட்டில், குட்டியைக் குப்புற வைத்தபடி பருக்குங்கள். மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல் வாரங்களில் 2 முதல் 4 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், இரவிலும். சமையல் தராசில் தினமும் நிறுங்கள்: நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும்.

பால்சோறே சாப்பாடு என்று விடுவது

பூனைக்கு டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் பார்வை மங்கும், இதயத் தசை தளர்ந்து இதயம் பெருக்கும். இதயத்தோடுள்ள தொடர்பு 1987 இல் நிறுவப்பட்டது. தேங்காயிலும் சோற்றிலும் டோரின் இல்லை. மீனை அவிக்கும்போது அது நீரில் கரைவதால் அந்த நீரை ஊற்றிவிடாதீர்கள்.

சொறிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய்

பூசியதை எல்லாம் பூனை நக்கும். கற்பூரம் பூனைக்கு நஞ்சு.

பூஞ்சணம் பிடித்த கொப்பரை, புண்ணாக்கு

எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். ஈரலைத் தாக்கும்.

தும்பும் கயிறும்

விளையாடும்போது விழுங்கிவிட்டால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.