மழை முடிந்ததும் ஆற்றில் கொடுவா: முதல் தடவை தூண்டில் போடுகிறவர்களுக்கு

கொடுவா முட்டையிடுவது உப்பு மிகுந்த கழிமுகத்தில். குஞ்சுகள் மழைவெள்ளத்தோடு சதுப்புகளுக்குள் ஏறிவிடும். அப்படியே ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கும் மேலே போய், சில வருடங்கள் நன்னீரிலேயே வளரும். பழவேற்காட்டில் கிடைப்பதும் இதே இனம்தான். ஆனால் ஆற்றுக்குள் போய் இதைத் தூண்டிலில் பிடிக்க ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரி மாதிரி இன்னொரு இடத்தைச் சொல்வது கஷ்டம். அங்கே இதன் பெயர் பாராமுண்டி, சுருக்கமாக பாரா.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை ஓய்ந்து, தேங்கிய வெள்ளம் ஆற்றுக்கு வடியும் மார்ச் முதல் மே வரை போங்கள். பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை.

படி 2: ஆற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள தலைநகர் டார்வினிலிருந்து காரில் போகக்கூடிய மேரி ஆறும் டேலி ஆறும் பெயர் பெற்றவை. மேரி ஆற்றின் ஷேடி கேம்ப்பில் ஒரு தடுப்பணை உண்டு. அதற்கு ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடலின் ஏற்றவற்றம்.

படி 3: தண்ணீரைப் படியுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சதுப்பிலிருந்து சின்ன ஓடைகள் ஆற்றில் வந்து விழும். ஓடைத் தண்ணீர் கறுத்துத் தெளிவாக இருக்கும், ஆறு சேறாக ஓடும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நிறக்கோடு தெரியும். வடியும் தண்ணீரோடு பொடிமீனும் இறாலும் வெளியே வந்துதான் ஆகவேண்டும், கொடுவா அந்த வாசலில் காத்திருக்கும். கோடு தெரியாத ஓடையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அடுத்ததற்கு நகருங்கள். ஏற்றவற்றம் எட்டும் பகுதியானால் வற்றத்தின் கடைசி நேரமும் ஏற்றத்தின் தொடக்கமும் நல்லவை.

படி 4: கருவிகள். உறுதியான குட்டை ராட், சுமார் 14 கிலோ தாங்கும் பின்னல் நரம்பு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மீன் வடிவ லூர் (செயற்கை இரை) போதும். லூருக்கு முன்னால் தடித்த நைலான் நரம்பு ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல அறுத்துவிடும்.

படி 5: வீசுங்கள். நிறக்கோட்டைத் தாண்டி விழும்படி வீசி, இரண்டு சுற்று இழுத்து, நிறுத்துங்கள். நின்ற லூரைத்தான் பெரும்பாலும் அடிக்கும். மாட்டியதும் துள்ளித் தலையை உதறும். அப்போது ராட் நுனியைத் தாழ்த்துங்கள், ஆனால் நரம்பு தளரக்கூடாது.

படி 6: முதலை. இந்த ஆறுகள் எல்லாவற்றிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. கரையில் நின்றால் தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தண்ணீருக்குள் எதிலாவது சிக்கிய லூரை எடுக்க இறங்கவே இறங்காதீர்கள், லூர் போனால் போகட்டும். ஓரத்தில் மீன் கழுவி, குடலைப் போடுவதும் கூடாது.

படி 7: அளந்து முடிவெடுங்கள். 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அது சட்டம். ஒரு மீட்டரைத் தொடும் மீனையும் விடுங்கள் என்பது என் வேண்டுகோள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். அந்தப் பெரிய மீன் அநேகமாக லட்சக்கணக்கில் முட்டையிடும் பெண். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். போட்டோ ஒன்று போதும், சட்டென்று விட்டுவிட்டுக் கையைப் படகுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.