'கொசு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று எழுதும் முன்

இயற்கைத் தேர்வைக் கண்ணால் பார்க்கக் கலாபகஸ் தீவுவரை போக வேண்டியதில்லை. மருந்து அடிக்கும் ஊரில் நாலு ஏடிஸ் கொசு போதும். ஆனால் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் நான் அன்று செய்த கோமாளித்தனங்களையே வரிசை தவறாமல் செய்கிறார்கள். குழாயில் லேபிள் ஒட்ட மறப்பது, ஆண் கொசுவையும் சேர்த்து எண்ணுவது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

புழு வளர்ந்த தண்ணீரை மறப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். புகைமருந்து அடிக்கும் நகரப் பகுதி ஒன்றின் சிமெண்ட் தொட்டிகளில் புழு எடுத்தோம். மருந்தே படாத ஒரு கிராமத்தில் பழைய டயர்களில் எடுத்தோம். கொசுவானதும் டெல்டாமெத்ரின் என்ற கொசுமருந்து தடவிய தாள் வைத்த குழாய்களில், குழாய்க்கு 25 வீதம், ஒரு மணி நேரம் விட்டோம். மறுநாள் பார்த்தால் கிராமத்துக் கொசு ஒன்றுகூட மிச்சமில்லை. நகரத்துக் கொசுவில் கால்வாசி ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 24 மணி நேரத்தில் 98 சதவீதமாவது சாக வேண்டும். 90க்குக் கீழே போனால் எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று பொருள். பரிணாமத்தையே பிடித்துவிட்டோம் என்று டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம்.

துறையில் மூத்தவர் ஒருவர் செத்த கொசுக்களைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "டயர் கொசு ஏம்ப்பா இவ்வளவு சின்னதா இருக்கு?"

டயருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அரைவயிறாக வளர்ந்த புழுக்கள் அவை. சோனிக் கொசு எந்த மருந்துக்கும் சீக்கிரம் சாகும். நாங்கள் பரம்பரையை அளக்கவில்லை, சாப்பாட்டை அளந்திருக்கிறோம்.

திரும்பச் செய்யலாம் என்றால் முட்டை இல்லை. எல்லாவற்றையும் சோதனையிலேயே தீர்த்துவிட்டோம். மழையும் நின்று டயர்கள் காய்ந்துவிட்டன. ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முட்டை ஒட்டிய வடிதாளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்!

அடுத்த மழையில் இரண்டு ஊர்ப் புழுக்களுக்கும் ஒரே அளவு தட்டு, ஒரே எண்ணிக்கை, ஒரே நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும். அப்புறம் ஒரு தலைமுறையோடு நிறுத்தாமல் இன்னொன்றும் வளர்த்தோம், தாய் தின்றது முட்டையிலும் தெரியும் என்பதால். மூன்றிலிருந்து ஐந்து நாள் வயதான, ரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை மட்டும் சோதித்தோம். நகரத்துக் கொசுவில் தப்பியவை நூற்றுக்கு ஆறு. எதிர்ப்பு இருக்கலாம், உறுதி செய்யுங்கள் என்று அந்த வரையறை சொல்லும் இடம் அது. டீ யாரும் வாங்கவில்லை.

'பழகிவிட்டது' என்று எழுதுவது

ஒரு கொசுவும் பழகவில்லை. தாங்காதது செத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே தொட்டியில் புழு எடுப்பது

பலவும் அக்காள் தங்கையாக இருக்கும். பத்துப் பதினைந்து வீடு ஏறி இறங்குங்கள்.

மருந்தில்லாத குழாயை விட்டுவிடுவது

மருந்து இல்லாமலே எத்தனை சாகும் என்று காட்டுவது அதுதான். வைக்காவிட்டால் சோதனையே இல்லை.

ஒரு வருடத்தை வைத்துப் பேசுவது

கலாபகஸில் உள்ள டாஃப்னி மேஜர் தீவில் 1977 வறட்சியில் தடித்த அலகுள்ள குருவிகள் அதிகம் தப்பியதைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி அளந்தார்கள். 1983இல் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு சின்ன விதைகள் பெருகின. நிலைமை தலைகீழாகி, சிறிய அலகுகளுக்கு யோகம் அடித்தது. 1977ஓடு மூட்டை கட்டியிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

மரபணுவை ஒருமுறை பார்த்து நிறுத்துவது

டெல்டாமெத்ரின் தாக்குவது நரம்புக்குள் சோடியத்தை விடும் வாயிலை. அந்த வாயிலில் திரிபு இருக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்தால் போதாது. மருந்து அடிக்க அடிக்க அதன் விகிதம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் செத்தது, தப்பியது இரண்டையும் தனித்தனிக் குப்பியில் ஆல்கஹாலில் போட்டு, ஊரும் தேதியும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். எங்கள் அலமாரியில் வருடவாரியாக எல்லாம் இருக்கிறது, அந்த முதல் மழைக்காலத்தைத் தவிர. கொண்டாட்டம் முடிந்ததும் குப்பையில் கொட்டிவிட்டோம்.