விமான நிலையத்தருகே கட்டடமும் ட்ரோனும்: செய்ய வேண்டியவை

திருச்சி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடி வீடோ அலைபேசிக் கோபுரமோ எழுப்ப நினைப்பவர்கள், அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே, இந்திய விமான நிலைய ஆணையத்தின் வண்ணக் குறியீட்டு வரைபடத்தில் தங்கள் மனைக்குரிய உச்ச உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், மனையின் தரைமட்ட உயரத்தைக் கழித்தபின் எஞ்சுவதே கட்டடத்துக்கு உரியது. மேல்நிலைத் தொட்டி, மின்தூக்கி அறை, இடிதாங்கி ஆகியவையும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. வரைபடத்தின்படி சான்று தேவைப்படும் இடமானால், ஆணையத்திடம் தடையின்மைச் சான்று பெறுங்கள். தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். அங்கே அனுமதி விமானப்படையிடம் பெற வேண்டும்.

சம்பா வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் விதிவிலக்கு இல்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி உயரம் வரைதான் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய வான்பகுதி. மஞ்சள் மண்டலத்தில் பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. மண்டலங்கள் மாறக்கூடியவை, ஆகவே பறக்கவிடும் நாளன்றே, அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். விமான ஓசை நெருங்கினால், தெளிப்பு பாதியில் நின்றாலும் ட்ரோனை உடனே வயலில் இறக்கிவிடுங்கள்.