சக்கையிலிருந்து சைலிட்டால்: பழி பாக்டீரியா மேல், பிழை சாற்றில்

கரும்புச் சக்கையையோ முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிரையோ அமிலத்தில் வேகவைத்து, இறங்கும் சைலோஸ் என்ற சர்க்கரையை மரபணு மாற்றிய ஈ.கோலி பாக்டீரியாவிடம் கொடுத்தால், இனிப்பூட்டியாகப் பயன்படும் சைலிட்டால் தயார். கூடுதலாகத் தேவைப்படுவது சைலோஸைச் சைலிட்டாலாக மாற்றும் சைலோஸ் ரிடக்டேஸ் என்ற ஒரு நொதிதான். தூய சைலோஸில் விளைச்சல் அமோகமாக இருக்கும். சக்கையை அமிலத்தில் வேகவைத்து எடுத்த சாற்றுக்கு மாற்றியதும் படுத்துவிடும். உடனே மரபணுவில் கை வைக்கக் கிளம்பாதீர்கள். சாற்றைப் பாருங்கள்.

வழக்கமான அளவு: காய்ந்த சக்கை 1 பங்குக்கு 1–2% கந்தக அமிலக் கரைசல் 10 பங்கு, 121 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். இன்னும் கொஞ்சம் சர்க்கரை இறங்கட்டும் என்று நேரத்தையோ சூட்டையோ கூட்டினால், இறங்கிய சைலோஸே நீரிழந்து ஃபர்ஃபியூரல் என்ற நச்சுப் பொருளாகும். அது செல்லைக் கொல்லாவிட்டாலும் கெடுதல்தான். ஃபர்ஃபியூரலை ஒடுக்கும் ஒய்க்யூஎச்டி என்ற ஈ.கோலியின் நொதிக்கு, செல்லில் எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறான என்ஏடிபிஎச் வேண்டும். சைலோஸ் ரிடக்டேஸ் பிடித்து இழுப்பதும் பெரும்பாலும் அதே என்ஏடிபிஎச்சைத்தான். செல் நன்றாக இருந்தும் சைலிட்டால் வரவில்லையென்றால் சந்தேகம் முதலில் இங்கே விழ வேண்டும்.

சுத்திகரிப்பில் வரிசை முக்கியம். முதலிலேயே சுண்ணாம்பு போட்டுவிட்டால், சாற்றில் இருக்கும் இன்னொரு கெடுதலான அசிட்டிக் அமிலம் உப்பாகிச் சாற்றிலேயே தங்கிவிடும். அமிலத்தன்மை இருக்கும்போதே, வெற்றிடத்தில் 60–70 டிகிரிக்குள் வற்றவையுங்கள். ஃபர்ஃபியூரலும் அசிட்டிக் அமிலத்தில் ஒரு பகுதியும் ஆவியோடு போகும். பிறகு சுண்ணாம்பால் பிஎச் 10, 50–60 டிகிரி, அரை மணி நேரம். ஜிப்சத்தை வடிகட்டி உடனே 7-க்கு இறக்குங்கள். காரத்தில் ராத்திரி முழுக்க விட்டால் சர்க்கரையே சிதையும். நொதிக்கும்போதும் பிஎச் 7-ஐ விட்டு இறங்கக் கூடாது: அசிட்டிக் அமிலத்தில் பாதி அயனியாகாமல் இருக்கும் 4.76-ஐ நெருங்க நெருங்க, மிச்சமிருக்கும் அசிட்டிக் அமிலம் அயனியாகாமல் செல்லுக்குள் நுழையும்.

மரபணுப் பக்கம் ஈ.கோலியின் சைல்ஏ, சைல்பி என்ற இரண்டு மரபணுக்களையும் நீக்க வேண்டும். சைல்ஏ இருந்தால் சைலோஸ் உணவாகக் கரைந்துபோகும். சைல்பி இருந்தால் சைலிட்டாலில் பாஸ்பேட் ஏறி நச்சாகும். இரண்டையும் நீக்கிய செல்லுக்குக் குளுக்கோஸ்தான் சோறு, என்ஏடிபிஎச்சுக்கும் அதுவே மூலம். அது தீர்ந்தால் சைலிட்டாலும் நிற்கும். ஒரேயடியாகக் கொட்டினாலோ சைலோஸ் உள்ளே போவதே தடைபடும், மற்ற சர்க்கரைகளுக்கான மரபணுக்களை இயக்கும் சிஆர்பி புரதத்தில் திருத்தம் செய்யாத ரகங்களில் குறிப்பாக. ஆகவே குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுங்கள்.

கடைசித் தவறு அளவெடுப்பதில். சாற்றில் அரபினோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கும். ரிடக்டேஸ் அதையும் விடாமல் அரபிட்டாலாக்கும். 5 மில்லிமோலார் கந்தக அமிலத்தில் ஓட்டும் எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அரபிட்டால், சைலிட்டால் சிகரங்கள் கிட்டத்தட்ட ஒட்டியே வரும். 1 கிராம் சைலோஸிலிருந்து அதிகபட்சம் 1.01 கிராம் சைலிட்டால்தான் வர முடியும். கணக்கு அதைத் தாண்டினால் கொண்டாடாதீர்கள். கால்சியம் வகைப் பிரிப்புக் குழாயில் மறுபடி ஓட்டுங்கள். தாண்டாவிட்டாலும் ஒருமுறை ஓட்டுவது நல்லது, ஏனென்றால் அரபிட்டால் கலந்த கரைசலில் பின்னால் படிகம் எடுப்பது பெரும்பாடு.