வெண்டைக்காய் மண்டி: அடியில் தங்கும் வெள்ளையைக் கொட்டிவிடாதீர்கள்

காரைக்குடியில் குடியிருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட வெஞ்சனங்களில் மண்டி கைக்கு வரத்தான் அதிக நாள் பிடித்தது. அந்தப் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதையும் வெஞ்சனம் என்பார்கள். வெண்டைக்காய், புளி, மிளகாய் எல்லாம் சொன்ன அளவில்தான் போட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் சட்டியில் கிடைத்தது நீர்த்த புளிக்குழம்புதான். கீழ்வீட்டு ஆச்சி வைக்கும் மண்டியில் சாறு காயைப் பற்றிக்கொண்டு நிற்கும். கரண்டியைச் சாய்த்தால் அவசரப்படாமல் இறங்கும். எங்கே தவறுகிறேன் என்று தெரிய நான்கைந்து முறை ஆயிற்று. அந்த இடத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மற்றவை எல்லாம் நீங்கள் தினமும் செய்கிற வேலைதான்.

மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் புளி சேர்த்து வைக்கும் செட்டிநாட்டு வெஞ்சனம். தேங்காய் கிடையாது, பருப்பு கிடையாது, மசாலாப் பொடி எதுவும் கிடையாது. காரம் முழுவதும் மிளகாயிலிருந்து வர வேண்டும், திடம் முழுவதும் அரிசித் தண்ணீரிலிருந்து வர வேண்டும். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகும் பட்டையும் சோம்பும் அரைத்துப் போட்ட கோழிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்த வீடுகளின் அன்றாடச் சாப்பாடு மண்டியைப் போல எளிமையானது. மழை குறைந்த வறண்ட பூமி. காய் கிடைக்காத நாளில் மாங்காய் வற்றலும் மொச்சையும் தட்டைப்பயறும் சட்டிக்குள் போகும். மாட்டுக்கு ஊற்றும் கழுநீரைக்கூட ஒரு வெஞ்சனமாக்கிய கைகளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேருக்கு இந்த அளவு போதும். பிஞ்சு வெண்டைக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், பச்சை மிளகாய் ஐந்து, காய்ந்த மிளகாய் மூன்று, தக்காளி ஒன்று, சிறிய எலுமிச்சை அளவு புளி, காய்ந்த மொச்சை ஒரு கைப்பிடி. அரிசி களைந்த தண்ணீர் ஒன்றரை டம்ளர், அதாவது ஏறக்குறைய 300 மில்லி. தாளிக்க நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம் பருப்பு, கால் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. கடைசியில் சேர்க்கச் சுண்டைக்காய் அளவு வெல்லம்.

நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றலாமா என்றால், ஊற்றலாம், ஆனால் அதை நான் மண்டி என்று சொல்ல மாட்டேன். புளியும் பச்சை மிளகாயும் சேரும் இடத்தில் அந்த வாசனை இருந்தே ஆக வேண்டும்.

பாத்திரம் மண்சட்டியாக இருந்தால் நல்லது. நான் வைத்திருப்பது மானாமதுரைச் சட்டி. அகன்ற வாயும் கனத்த அடியும் உள்ளதாகப் பார்த்து வாங்கியது. மண்சட்டி இல்லாதவர்கள் அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். அலுமினியமும் வார்ப்பிரும்பும் வேண்டாம். புளி அவற்றை அரித்துச் சுவையைக் கெடுத்துவிடும். கிளறுவதற்கு மரக்கரண்டிதான். கரண்டி அடியைத் தடவுவது கைக்குத் தெரிய வேண்டும், அதற்கு மரத்தைவிட நல்லது இல்லை.

மொச்சையை முழுவதும் வேகவைத்துவிடுங்கள்

முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். "மீதி புளியில் கொதிக்கும்போது வெந்துவிடும்" என்று பாதியில் எடுக்காதீர்கள். புளித்தண்ணீரில் விழுந்த பயறு அதற்குமேல் வேகாது; ஒரு மணி நேரம் கொதித்தாலும் பல்லில் கடிபடும். இதை முதலில் எழுதியபோது ஒரே வரியில் கடந்துவிட்டேன். மூன்று பேர் மொச்சை கல்லாகக் கிடந்ததாக எழுதியிருந்ததால் இப்போது சேர்த்திருக்கிறேன். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இதே கதிதான். புளி ஊற்றுவதற்கு முன்பே அவை எண்ணெயில் வெந்திருக்க வேண்டும்.

வெண்டைக்காய்

காயைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீர் பட்டால் கொழகொழப்பை நிறுத்த முடியாது. ஒவ்வொரு துண்டும் இரண்டு அங்குல நீளம் இருக்கட்டும். பொரியலுக்குப் போல வட்டமாக நறுக்கினால் மண்டியில் கரைந்து காணாமல் போய்விடும்.

ஒரு கரண்டி எண்ணெயில் தனியாக வதக்குங்கள். மூடி போடக் கூடாது, உப்பும் போடக் கூடாது. முதலில் நூல் நூலாக இழுக்கும், பயப்பட வேண்டாம். ஏழெட்டு நிமிடத்தில் நூல் அறுந்து, தோலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். அப்போது எடுத்துவிடுங்கள். ஏதாவது பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் புளி பார்த்துக்கொள்ளும்.

இப்போது மண்டிக்கு வருவோம்

அரிசியை முதல் முறை களைந்த தண்ணீரில் தூசியும் தவிடும் இருக்கும்; அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். இரண்டாவது முறை கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் அரிசியை அழுத்தித் தேய்த்துக் களையுங்கள். பால் போல வெளுத்து வரும். நமக்கு வேண்டியது இந்தத் தண்ணீர். இதைப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மேலே கலங்கல் தண்ணீரும் அடியில் வெள்ளை வண்டலுமாகப் பிரிந்திருக்கும்.

நான் தவறியது இங்கேதான். அந்தத் தண்ணீரிலேயே புளியை ஊறவைத்துக் கரைப்பதுதான் பழைய வழக்கம். புளி கரைத்தால் மண் இருக்கும், அடியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் வடித்து ஊற்ற வேண்டும் என்று சிறு வயதிலிருந்து பழகிய கை என்னுடையது. அதே பழக்கத்தில் பாத்திரத்தை மெல்லச் சாய்த்து, தெளிந்ததை மட்டும் சட்டியில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆச்சி என் அடுப்படிக்கு வந்தபோது இதைப் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டார். "அடியில் இருப்பதற்குப் பெயர்தான் மண்டி, ஆத்தா. அதைக் கொட்டிவிட்டு எதை வைத்து மண்டி செய்யப்போகிறாய்?"

உண்மைதான். தமிழில் மண்டி என்றால் அடியில் தங்கும் வண்டல். காப்பி மண்டி என்று நாம் தினமும் சொல்கிறோம். பெயரே வழியைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் காதில் விழவில்லை.

அதனால் நான் இரண்டையும் பிரித்துவிட்டேன். புளியை முக்கால் டம்ளர் வெந்நீரில் தனியாகக் கரைத்து, சிறு கண் வடிகட்டியில் வடித்துக்கொள்கிறேன். மண்ணும் சக்கையும் அதோடு போய்விடும். அரிசித் தண்ணீர் வேறு பாத்திரத்தில் காத்திருக்கும். ஊற்றுகிற நொடியில் விரலை அடிவரை விட்டு வழித்துக் கலக்கி, ஒரு சொட்டு வெள்ளைகூட மிச்சம் வைக்காமல் ஊற்றுகிறேன். ஆச்சி இன்றும் சேர்த்துத்தான் கரைக்கிறார். அவர் கைக்கு எது மண், எது மண்டி என்று தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் பிரித்தே செய்யுங்கள்.

பிரிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புளியின் பச்சை வாசனை போக எட்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். அரிசித் தண்ணீரும் அதோடு சேர்ந்திருந்தால், வாசனை போவதற்குள் கெட்டியாகி அடிபிடித்துவிடும். புளி முதலில், மண்டி பிறகு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

சட்டியில் சேர்ப்பது

மீதி எண்ணெயைச் சூடாக்கிக் கடுகு, உளுந்து, வெந்தயம், கிள்ளிய காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் கசக்கும். உரித்த வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகவே போட்டுப் பூண்டு மிருதுவாகும்வரை நிதானமாக வதக்குங்கள். நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய், பிறகு தக்காளி. தக்காளி குழைந்ததும் புளிக்கரைசலையும் உப்பையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும்போது வெண்டைக்காயும் மொச்சையும் உள்ளே போகட்டும்.

இப்போது அடுப்பைத் தணித்து, கலக்கிய அரிசித் தண்ணீரை ஊற்றுங்கள். மறு கை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இங்கேதான் பலர் பதறி அரிசி மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பொறுங்கள். அரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய 70 டிகிரி சூட்டைத் தாண்டிய பிறகே நீரை உள்ளிழுத்து உப்பும். முதலில் மரக்கரண்டி கொஞ்சம் கனப்பதைக் கை உணரும். பிறகு கொப்புளங்கள் 'தளதள' என்று வருவதை விட்டு, 'பளக்' என்று ஒவ்வொன்றாக வெடிக்கும். சாறின் வெண்மை மறைந்து பளபளப்பு ஏறும். அதற்குமேல் மூன்று நிமிடம் போதும்.

வெல்லத்தைப் போட்டு, நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். மண்சட்டி சூட்டை விடாது, இறக்கிய பிறகும் கொதிக்கும். ஆற ஆற மண்டி இறுகவும் செய்யும். அடுப்பிலேயே சரியான பதம் பார்த்தால் இலையில் பரிமாறும்போது களியாகிவிடும்.

தயிர்ச் சோற்றுக்கு இதுபோல ஒன்று கிடையாது என்பது என் கருத்து. பருப்புச் சோற்றுக்கு நெய்யோடு தொட்டுக்கொண்டாலும் நன்றாக இருக்கும்.

பிறகு சேர்த்தவை

புழுங்கல் அரிசி சமைக்கிற வீடுகளில் மண்டி கெட்டியாகவே வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். நானும் செய்து பார்த்தேன், அவர்கள் சொல்வது சரி. புழுங்கல் அரிசியை நெல்லாக இருக்கும்போதே அவித்து உலர்த்துகிறார்கள். மணியின் மாவு அப்போதே வெந்து இறுகிவிடுவதால் களைகிற தண்ணீரில் அவ்வளவாக இறங்குவதில்லை. நன்றாகத் தீட்டிப் பையில் அடைத்து வரும் சில பச்சரிசியிலும் தண்ணீர் மெலிந்தே இருக்கிறது. இதற்கு நான் செய்வது: இரண்டு தேக்கரண்டி பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மைபோல அரைத்து, அந்த அரிசித் தண்ணீரோடு கலந்துவிடுகிறேன். கடை அரிசி மாவு சேர்த்தால் கெட்டியாகும், ஆனால் நாக்கில் மாவு தெரியும். ஊறவைத்து அரைத்ததில் அது தெரிவதில்லை. சோள மாவு வேண்டவே வேண்டாம். சாறு கண்ணாடி போல ஆகிவிடுகிறது.

காலையில் களைந்த தண்ணீரை இரவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் வந்தது. வெயில் காலத்தில் வெளியே வைத்தால் சில மணி நேரத்திலேயே புளித்து வாடை வந்துவிடும். மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

மிஞ்சிய மண்டி மறுநாள் கட்டியாக இறுகியிருக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் திரிதிரியாகப் போகும். அரைக் கரண்டி வெந்நீர் விட்டு, சிறு தீயில் மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தித் தளர்த்துங்கள். மீண்டும் பளபளப்புக்கு வந்துவிடும்.

வெண்டைக்காய் பிடிக்காதவர்கள் பலாக்கொட்டை, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எதை வேண்டுமானாலும் போடலாம். பச்சை மிளகாயை மட்டுமே காயாக வைத்துச் செய்யும் மண்டி தனிச் சுவை. அதற்குக் காரம் குறைந்த பருத்த மிளகாயாக இருபது எடுத்து, கீறி, விதையைத் தட்டிவிட்டு, தோல் சுருங்கும்வரை நல்லெண்ணெயில் வதக்கிக்கொண்டு, புளியையும் வெல்லத்தையும் ஒன்றரை மடங்காகக் கூட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி முறை இதேதான். அரிசித் தண்ணீரை ஊற்றும் முன் அடிவரை கலக்குவது உட்பட.