கட்டியின் மரபணுவா, குழந்தையின் மரபணுவா? வில்ம்ஸ் கட்டி ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

குழந்தையைக் குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது இதுதான். ஐந்து வயதுக்குள் வருவதே அதிகம். மும்பையில் சயான் கோலிவாடாவிலோ தாராவியிலோ இருந்து பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும்போது லோக்கல் ரயில் கூட்டத்தைத் தவிர்த்து டாக்சியில் போங்கள். உறவினர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். கட்டி உடைந்தால் நோய் மூன்றாம் நிலையாகக் கணக்கிடப்படும், சிகிச்சை கடுமையாகும்.

மரபணு என்ற சொல் ஃபைலில் வந்ததுமே வீட்டில் "யார் வழியில் வந்தது?" என்ற கேள்வி எழும். பெரும்பாலும் தாயின் மேல்தான் பழி விழும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வில்ம்ஸ் கட்டியுள்ள குடும்பங்களில் இன்னொருவருக்கும் இதே நோய் இருப்பது நூற்றில் ஓரிரு குடும்பங்களில்தான். குழந்தையின் எல்லாச் செல்லிலும் மாற்றம் இருந்தாலும், பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் அது புதிதாகத் தோன்றியிருப்பது சாதாரணம்.

சிறுநீரகம் கருவில் உருவாகும் வேலை ஏறக்குறைய 36 வாரத்தில் முடிந்துவிட வேண்டும். சில இடங்களில் முதிராத செல்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றை நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட் என்பார்கள். பெரும்பாலானவை தானே மறைந்துவிடும். சிலவற்றிலிருந்து கட்டி வளர்கிறது. 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இரண்டு இடங்கள் இதில் முக்கியம். 11பி13இல் உள்ள டபிள்யூ.டி.1, முதிராத செல்லை முதிரவைக்கும் மரபணு. அதன் இரண்டு பிரதியும் கெட்டால் முதிர்ச்சி நின்றுபோகும். 11பி15இல் உள்ள ஐ.ஜி.எஃப்.2 வளர்ச்சியைத் தூண்டுவது. தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்ய வேண்டும். தாயின் பிரதியும் விழித்துக்கொண்டால் வளர்ச்சி கட்டுமீறுகிறது. இங்கே மரபணுவின் எழுத்து மாறாமலே, அதை இயக்கி அடக்கும் மெத்தில் குறி என்ற வேதி அடையாளம் மட்டும் மாறலாம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிப்போர்ட்டை எடுத்ததும் முதலில் "மாதிரி" என்ற வரியைப் பாருங்கள். கட்டித்துண்டு என்றிருந்தால், அதில் சொல்லப்படுவது சிகிச்சைக்கான செய்தி. 1கியூ கூடுதல், 1பி, 16கியூ இழப்பு (எண் குரோமோசோமையும், பி குட்டைக் கையையும், கியூ நீளக் கையையும் குறிக்கும்) ஆகியவை திரும்ப வரும் அபாயம் கூடுதல் என்று காட்டுகின்றன. டிபி53 என்ற மரபணுவின் மாற்றம், அனாபிளேசியா என்ற கடினமான செல்வகையோடு சேர்ந்து வருவது. இவை பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நிகழ்ந்தவை. இதை வைத்து அண்ணன் தங்கையைச் சோதிக்க ஓடவேண்டாம். மாதிரி ரத்தம் என்றிருந்தால்தான் குழந்தையின் பிறவி மரபணுவைப் பற்றிய பேச்சு.

ரத்தப் பரிசோதனையை யாருக்குச் செய்வது? இரு சிறுநீரகத்திலும் கட்டி, ஐரிஸ் எனும் நிறவளையம் இல்லாத கண், விதை இறங்காமை, சிறுநீர்த்துளை இடம் மாறியிருப்பது, உடலின் ஒரு பக்கம் பெருத்திருப்பது, பெரிய நாக்கு, சிறுநீரில் புரதம், குடும்பத்தில் இதே நோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் மரபியல் ஆலோசகரைக் கேளுங்கள். வெளி அடையாளமே இல்லாமலும் பிறவி மாற்றம் இருக்கலாம் என்பதால், வசதி இருந்தால் எல்லோருக்கும் செய்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

தவறு நடப்பது பெரும்பாலும் பரிசோதனையின் பெயரில். வரிசை படிக்கும் பரிசோதனை எழுத்துப்பிழையைப் பிடிக்கும். பெரிய துண்டு காணாமல் போனதைத் தவறவிடலாம். நிறவளையம் இல்லாத குழந்தைக்கு, இப்படிக் காணாமல் போன துண்டைக் காட்டும் மைக்ரோ அரே அல்லது எம்.எல்.பி.ஏ. பரிசோதனை தேவை. பெக்வித்-வீடெமன் (11பி15 மாற்றத்தால் உடல் மிகையாக வளரும் பிறவிக் கோளாறு) சந்தேகம் என்றால், மெத்தில் குறியையும் காட்டும் மெத்திலேஷன் எம்.எல்.பி.ஏ. என்றே சீட்டில் எழுதி வாங்குங்கள். மரபணுக்களின் எழுத்துகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையில் மெத்தில் குறி தெரியாது. இந்த மாற்றம் உடலில் திட்டுத்திட்டாக இருப்பதால் ரத்தம் "இயல்பு" என்று வரலாம். அப்போது கன்னத்தின் உட்புறச் செல்லையோ, எடுத்த சிறுநீரகத்தின் நோயில்லாத பகுதியையோ சோதிக்கலாம். அதற்காகத்தான் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்கவேண்டும்: கட்டியில் ஒரு துண்டும், நோயில்லாத பகுதியில் ஒரு துண்டும் உறையவைக்கப்படுமா? முழுவதும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போனபின் சில பரிசோதனைகள் கடினம்.

ரத்தத்தை, உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுப்பார்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்; பெற்றோரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் சில சமயம் தெளியும்.

டபிள்யூ.டி.1 மாற்றமோ, கட்டி அபாயமுள்ள 11பி15 மாற்றமோ உறுதியானால், ஏழு வயது முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட். இடைவெளியை நீட்டாதீர்கள், இந்தக் கட்டி வாரக்கணக்கில் பெரிதாகும். கோடையில் ஊருக்குப் போவதானால் அந்த ஸ்கேனைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ எடுத்து, படத்தோடு ரிப்போர்ட்டை வாங்கிவாருங்கள். டபிள்யூ.டி.1 மாற்றமுள்ள குழந்தைக்குச் சிறுநீர்ப் புரதத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஏழு வயதுக்குப் பிறகும் பார்த்துவரவேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் மெல்லச் செயலிழப்பது புற்றுநோய் இல்லாமலும் நடக்கலாம்.