ஊருக்குப் போகிறவர்கள் நாட்டையும் அறிந்து போங்கள்

இலங்கைப் பயணத்துக்குப் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களில் பெரும்பாலானோர் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலிலும் 25 நாள் திருவிழா. இரண்டும் நல்ல காரணங்களே. ஆனால் அப்போது வடக்கு காய்ந்து கிடக்கும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் யாழ் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்கும் மழைநீர்தான் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும். அதை அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். மோட்டரைப் போட்டுவிட்டு நெடுநேரம் குளிக்கும் விருந்தாளி அயலவரின் கிணற்றையும் சேர்த்தே இறைக்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு விமானம் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் குளங்கள் நிரம்பி வான் பாயும், தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. மலையகத்தில் மண்சரிவுகளால் வீதிகளும் ரயில் பாதையும் சேதமடைந்தன. திருவிழாவோ கல்யாணமோ நாளைத் தீர்மானிக்காவிட்டால், ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை போவதே என் பரிந்துரை. வயல்களில் அறுவடை நடக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு ஓடாதீர்கள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரவில் வாகனம் ஓட்டும் சாரதியின் தூக்கத்தை நம்பிக் குழந்தைகளை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. போரில் சிதைந்த ரயில் பாதை 2014இல் யாழ்ப்பாணம் வரையும், 2015இல் காங்கேசன்துறை வரையும் மீண்டது. இருக்கையை முன்பதிவு செய்துகொண்டு பகலில் போனால் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். தமிழ்நாட்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானமும், நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் உண்டு. கப்பல் சேவை காலநிலையைப் பொறுத்து நின்று நின்று ஓடுவது; அதை நம்பி மறுநாள் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்களவர் ஏறத்தாழ 75 சதவீதம், இலங்கைத் தமிழர் 11, முஸ்லிம்கள் 9, மலையகத் தமிழர் 4. இந்த எண்களுக்குள் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத கதைகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களில் பல குடும்பங்கள், 1977 வன்முறைக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, போரிலும் நம்மோடு சேர்ந்து அழிவைச் சந்தித்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து யாழ் நகரில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு தேநீர் குடித்துப் பேசுங்கள். மட்டக்களப்புக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கும் காணிக்குள் பழைய வீட்டைப் பார்க்கும் ஆவலில் கால் வைக்காதீர்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. சில மாதங்களில் டொலர் 360ஐத் தொட்டது. பின்னர் 300ஐ ஒட்டி நின்றது. விலைவாசி அப்படி இறங்கவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. தேயிலை, ஆடை ஏற்றுமதி, சுற்றுலா, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஆகியவற்றில் நாடு தங்கியிருக்கிறது. வடக்கில் பெரிய தொழிற்சாலைகள் இல்லை: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் அழிந்தது. மீனவருக்கோ பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப்படகுகளால் ஓயாத தொல்லை. இந்த நிலையில் வாழும் உறவினர் முன்னால் பவுணிலும் யூரோவிலும் மாற்றிப் பார்த்து “எவ்வளவு மலிவு” என்று சொல்லாதீர்கள். நீங்கள் மலிவு என்னும் அந்த விலை அவர்களுக்கு ஒரு நாள் கூலி. வங்கியில் பணத்தை மாற்றுங்கள். சொக்லேட் பெட்டிகளைச் சுமந்து போவதைவிட, அங்குள்ள பனை உற்பத்திகளையும் தோட்டக்காரரின் காய்கறியையும் காசு கொடுத்து வாங்குவது ஊருக்கு அதிகம் உதவும்.

ஆட்சி முறை தெரிந்தால் அலுவலகங்களில் அலைச்சல் குறையும். 1978 முதல் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடம். 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க தெரிவானார், நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. மாகாண சபை 1987இன் 13ஆம் திருத்தத்தால் வந்தது. வடமாகாண சபைக்கு 2013இல் ஒரு தடவைதான் தேர்தல் நடந்தது. 2018இல் பதவிக்காலம் முடிந்தபின் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். உங்கள் வேலைகளுக்கு வேண்டியதோ இன்னும் கீழே இருக்கிறது: நம் பெற்றோர் விதானையார் என்று அழைத்த கிராம அலுவலர், அவருக்கு மேலே பிரதேச செயலகம். பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ் அரச கரும மொழி. வடக்கு, கிழக்கில் தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

காணி விஷயத்தை விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைப்பதுதான் பெரும் தவறு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை மாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு. பத்தாண்டுக்கு மேல் ஒருவர் உங்கள் காணியைத் தடையின்றித் தன்னுடையதாக ஆண்டால் அவர் ஆட்சியுரிமை கோரலாம். வடக்கில் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையும் சேர்கிறது: கூட்டுக் காணியில் ஒரு பங்கை விற்க முன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், முதலில் வாங்கும் உரிமை அவருக்கே. ஆகவே புறப்படும் முன்பே காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதியைத் தேடி எடுங்கள். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வித்து, உங்களுக்கென்று தனியாக, உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசைப் பாருங்கள். உங்கள் சார்பில் செயற்பட உறவினருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதுவதானால், எந்தக் காணிக்கு, எந்தக் காரியத்துக்கு, எதுவரை என்று ஒவ்வொன்றையும் அதில் எழுதுவித்து, ஒரு பிரதியைக் கையோடு எடுத்து வாருங்கள்.